புதுக் கேசட் வந்த நாட்கள்

சிட்டுவின் வீட்டுக் கூடத்தில் டிவி இருந்த சுவரை இப்போது ஒரு கேசட் அலமாரி பிடித்துக்கொண்டிருந்தது. டிவி படுக்கையறைக்குப் போய்விட்டது.

"முதல்ல டிவியைத் தள்ளிட்டா. அடுத்து என்னைத்தான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார் அவள் கணவர். பஸ் டிப்போவில் வண்டிகள் வருவதையும் போவதையும் கவனிப்பது அவர் வேலை. எதையும் சிரித்துக்கொண்டே சொல்லிப் பழகியவர். ஆனால் தச்சரைக் கூட்டி வந்து, ஒவ்வொரு தட்டும் ஒரு கேசட் நிற்கும் உயரத்துக்கு மட்டும் இருக்கும்படி அந்த அலமாரியைச் செய்ய வைத்ததும் அவர்தான்.

ஆரம்பம் அப்பாவின் சாவு. காகித ஆலையில் வேலை பார்த்தவர். கடைசி மூன்று வருஷம் கையும் காலும் விழுந்து சிட்டுவின் வீட்டில்தான் கிடந்தார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையை முடித்து வந்ததும் வராததுமாகக் கையைக் கழுவிக்கொண்டு அவருக்கு ஊட்டி விடுவாள். அவர் போன பிறகு, பூட்டிக் கிடந்த பழைய வீட்டைக் காலி செய்யப் போனபோது பரணில் அந்த டேப் ரெக்கார்டர் கிடைத்தது. இரண்டு பக்கமும் ஸ்பீக்கர், நடுவில் சின்னச் சின்னச் சிவப்பு விளக்குகள். பாட்டின் சத்தத்துக்குத் தக்கபடி அந்த விளக்குகள் ஏறி ஏறி இறங்கும். கேசட்டுகள் பக்கத்திலேயே ஒரு டப்பாவில் இருந்தன. ஆனால் மழைத் தண்ணீர் இறங்கி, பூஞ்சை பிடித்து, ஒன்றும் தேறாத நிலையில். சிட்டு அந்தப் பரணிலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். அப்பாவை அடக்கம் செய்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

டேப் ரெக்கார்டருக்கு பெல்ட் மாற்றிக்கொண்டு வந்தாள். பிறகு கேசட் வேட்டை தொடங்கியது. மேம்பாலத்துக்குக் கீழே பழைய சாமான் விற்கும் ஒரு கடை உண்டு. கடைக்காரரை அந்தப் பக்கம் எல்லோரும் 'பழசு' என்றே கூப்பிடுவார்கள். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சிட்டு அவர் கடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். கூடை கூடையாக அவர் கொட்ட, இவள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பாள். நல்ல பாட்டு, பேர் போன பாட்டு எதுவும் அவளுக்கு வேண்டாம். அந்த வீட்டில் எது இருந்ததோ அது மட்டும் வேண்டும். பாடகர் பேர் நினைவில்லாவிட்டாலும் அட்டைப் படம் நினைவிருந்தது. மஞ்சள் குடை, மூக்கு நீண்ட ரயில், முதுகைக் காட்டி நிற்கும் ஒரு பெண்.

"இவ்வளவு கேசட்டும் உங்க வீட்ல இருந்துச்சா? உங்கப்பா பெரிய ரசிகர்தான்" என்றார் பழசு.

அதைக் கேட்டதும் அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. அவள் நினைவில் அந்த வீடு முழுக்கப் பாட்டுத்தான். அப்பா வேலை முடிந்து வரும்போது சட்டைப் பைக்குள் சதுரமாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தால் புதுக் கேசட் என்று அர்த்தம். அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு அப்பா அதைப் போடுவார். அம்மா சுவரில் சாய்ந்து நின்று கூடவே முணுமுணுப்பாள். அக்கா ரொட்டியை அறுத்துக்கொண்டிருப்பாள்.

ஒவ்வொரு கேசட்டும் கிடைக்கக் கிடைக்க அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ரயில் கூவலோடு தொடங்கும் பாட்டைப் போட்ட அன்று, முப்பது வருஷமாக ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்காத வரிகளை வாய் தானாகப் பாடியது. குடைப் படம் போட்ட கேசட்டில் மூன்றாம் பாட்டு வரும்போது காத்திருந்தாள். பழைய வீட்டில் அந்த இடத்தில் நாடா கசங்கி, பாடுகிறவர் தண்ணீருக்குள் முங்கிவிட்டு வருவதுபோல் கேட்கும். இதில் அவர் முங்கவே இல்லை. ஒழுங்காகப் பாடிவிட்டுப் போய்விட்டார். சிட்டுவுக்கு ஏமாற்றமாக இருந்தது. யார் வீட்டுப் பாட்டையோ தூக்கி வந்துவிட்டதுபோல. ஆனாலும் அலமாரி நிறைந்துகொண்டு வந்தது. படகுக்காரி பாட்டு என்று பழைய வீட்டில் சொல்லும் ஒன்றுதான் அகப்படாமல் கண்ணாமூச்சி காட்டியது. நடுவில் பாட்டை நிறுத்திவிட்டு ஒரு பெண் வாய்விட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே அது வேண்டும். அதுவும் ஒருநாள் பழசு கடையில் கிடைத்தது.

அந்த வாரம்தான் அக்கா வந்தாள்.

அக்கா சிட்டுவைவிட ஒன்பது வயது மூத்தவள். வேறு ஊரில் ஒரு துணி ஆலையில், தைத்து வரும் சட்டைகளில் பிசிறும் பிழையும் பார்க்கும் பிரிவில் மேற்பார்வை வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 'சிட்டு' என்று பேர் வைத்தது அவள்தான். அம்மா செத்தபோது சிட்டுவுக்கு எட்டு வயது. தலை வாரிவிட்டதும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனதும் அக்கா. ஆனால் சிட்டு ஆஸ்பத்திரிப் படிப்புக்குச் சேர்ந்த மாதமே அக்கா பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகு அப்பா இருந்த வீட்டுப் படியை மிதிக்கவில்லை. அப்பாவின் அடக்கத்துக்கு வந்தவள்கூட, யாரோ தெரிந்தவர் வீட்டுக்கு வந்தவள்போல ஓரமாக நின்றாள். முகத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. மண் போட்டு முடித்ததும் பஸ் ஏறிவிட்டாள். சிட்டு அதை மனதுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தாள்.

இப்போது அக்காவுக்கு வலது தோள் தூக்க முடியாத வலி. படம் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். "நான் இருக்கும்போது வேற யாரு எடுக்கறது? கிளம்பி வா" என்று சிட்டு ஒரே பிடியாகப் பிடித்து வரவழைத்தாள். தோள் ஒரு சாக்குத்தான். அலமாரியை அக்காவுக்குக் காட்ட வேண்டும்.

அக்கா பையைக் கீழே வைப்பதற்குள் அவளை இழுத்துக்கொண்டு போய் அலமாரி முன்னால் நிறுத்தினாள்.

"பாருக்கா. ஒண்ணுவிடாமத் தேடிப் பிடிச்சிட்டேன். இந்த ரயில் படம் ஞாபகம் இருக்கா?"

அக்கா ஒவ்வொரு தட்டாகப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"எல்லாத்தையும் ஞாபகம் வெச்சிருக்கியே" என்றாள்.

சிட்டு அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள். ரயில் பாட்டைப் போட்டு, சத்தத்தைக் கூட்டினாள். சிவப்பு விளக்குகள் ஏறின. திரும்பிப் பார்த்தால் அக்கா இல்லை. சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அது கழுவினதுதான்!"

"சத்தத்தைக் கொஞ்சம் கொறைச்சுக்கோ சிட்டு. தலை வலிக்குது. பஸ்ல வந்தது."

மறுநாள் காலை இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எக்ஸ்ரே அறையில் அக்காவைப் பலகையோடு ஒட்டி நிற்க வைத்து, தோளைச் சரிசெய்து, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றாள் சிட்டு. "மூச்சை இழுத்துப் பிடி. அசையாதே" என்றாள். நாள் முழுக்க ஊராருக்குச் சொல்லும் வார்த்தை, அக்காவுக்குச் சொல்லும்போது சிரிப்பு வந்தது.

படம் திரையில் வந்ததும் சிரிப்பு நின்றது.

தோள் மூட்டில் வயதுக்கு உண்டான தேய்மானம். அது ஒன்றுமில்லை. ஆனால் கழுத்துக்குக் கீழே தோளோடு சேரும் காறை எலும்பு நடுவில் புடைத்து, வளைந்து இருந்தது. எப்போதோ உடைந்து, யாரும் சரியாக வைத்துக் கட்டாமல் தானே கூடிக்கொண்ட எலும்பு. படத்தின் ஓரத்தில் விலா எலும்புகளில் மேலும் இரண்டு முடிச்சுகள். பழைய முறிவுகள், வெகு காலத்துக்கு முந்தியவை. டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றாலும், இத்தனை வருஷமாகப் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாமல் போகுமா?

"அக்கா, எப்போ இப்படி விழுந்தே?"

ரவிக்கைப் பொத்தானை இடது கையால் போட்டுக்கொண்டே அக்கா சொன்னாள்: "சின்ன வயசுல."

"எங்கே? எனக்குத் தெரியாதே."

"நீ ரொம்பச் சின்னப் புள்ள. விடு. தோளுக்கு என்ன சொல்றாங்கன்னு கேளு."

விழுந்தால் எலும்பு எப்படி உடையும் என்று சிட்டுவுக்குத் தெரியும். காறை எலும்பு விழுந்தும் உடையும். ஆனால் கூடவே இரண்டு விலாவும் உடையுமா? அன்று முழுவதும் யாருக்குப் படம் எடுத்தாலும் அந்த முடிச்சுகளே கண்ணில் நின்றன. ஆனால் அதற்கு மேல் யோசிக்க மனம் இடம் தரவில்லை. பள்ளிக்கூடத்தில் விழுந்திருப்பாள், மாடிப்படியில் உருண்டிருப்பாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சிட்டு டீ போட்டாள். கணவர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எல்லோரும் கொஞ்சம் கலகலப்பாக இருக்கட்டும் என்று படகுக்காரி பாட்டை எடுத்துப் போட்டாள். அக்கா இதைக் கேட்டால் சிரித்துவிடுவாள் என்று நிச்சயமாக நம்பினாள்.

இசை தொடங்கியது. அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். வைத்தது மேசையின் விளிம்பில். டம்ளர் சரிந்து உருண்டது. அவள் குனியவில்லை.

"அதை நிறுத்து."

"இரு, அந்தச் சிரிப்பு வரப்போகுது..."

"நிறுத்துன்னு சொல்றேன்ல!"

அக்கா கத்தி சிட்டு கேட்டதே இல்லை. கணவர்தான் எழுந்து போய்ப் பொத்தானை அழுத்தினார். சிட்டுவுக்கு அத்தனை நாள் அடைத்து வைத்திருந்தது பொங்கிவிட்டது.

"அப்பான்னாலே உனக்கு ஆகாது. அவர் வாங்கிக் குடுத்த பாட்டும் ஆகாது. செத்தப்போ ஒரு சொட்டு அழலியே நீ. அப்படி என்ன பண்ணிட்டார் உனக்கு?"

அக்கா வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிட்டுவின் பார்வை அந்தக் கை இருந்த இடத்தில் போய் நின்றது. காலையில் திரையில் பார்த்த புடைப்பு அந்தக் கைக்குக் கீழேதான் இருந்தது. சிட்டுவின் முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா..." என்றாள். "அது அப்பாவா?"

கணவர் மெதுவாகக் கதவைத் திறந்து, "நான் கொஞ்சம் வெளிய போயிட்டு வரேன்" என்றார்.

"இருங்க தம்பி. நீங்களும் கேக்கலாம்" என்றாள் அக்கா. "இதுல ஒளிக்க என்ன இருக்கு. அடிச்சவரே போயாச்சு."

பிறகு சிட்டுவைப் பார்த்தாள்.

"அவர் அம்மாவை அடிப்பார். மாசத்துக்கு ஒரு தடவை, சில மாசம் ரெண்டு மூணு. எதுக்குன்னு கேக்காதே, எதுக்கு வேணாலும். நான் நடுவுல போனா எனக்கும் விழும். இந்த எலும்பு ஒரு தடவை. விலா இன்னொரு தடவை. ஆஸ்பத்திரிக்குப் போனா கேப்பாங்கன்னு போகல."

"நான் எங்கே இருந்தேன்? அதே வீட்லதானே இருந்தேன்?"

"உள் ரூம்ல. உன்னை உள்ள உக்கார வெச்சு, பாட்டைப் போட்டு, சத்தத்தை முழுசா வெச்சுட்டுக் கதவைச் சாத்திட்டு வருவேன். 'சிவப்பு லைட் மேல வரைக்கும் போகுதான்னு பாத்துக்கிட்டே இரு, கண்ணை எடுக்காதே'ன்னு சொல்லுவேன். நீயும் சமர்த்தாப் பாத்துக்கிட்டு இருப்பே."

சிட்டுவுக்கு நினைவிருந்தது. உச்சி வரைக்கும் ஏறி நிற்கும் விளக்குகளும், தனியாக உட்கார்ந்து கைதட்டியதும், தனக்காகத்தான் அக்கா அவ்வளவு சத்தமாக வைக்கிறாள் என்று பூரித்துப் போனதும்.

"அடுத்த நாளோ அதுக்கு மறுநாளோ புதுக் கேசட் வரும். அதுதான் அவர் மன்னிப்புக் கேக்கற லட்சணம். போட்டுட்டு அம்மா கிட்ட 'பிடிச்சிருக்கா'ன்னு கேப்பார். அம்மா பிடிச்சிருக்குன்னு சொல்லணும். சொன்னாப் பத்தாது, கூடவே பாடணும்." அக்கா அலமாரியைக் கையால் காட்டினாள். "நீ அழகா அடுக்கி வெச்சிருக்கியே, ஒவ்வொண்ணும் வந்ததுக்கு முந்தின நாள் என்ன நடந்துச்சுன்னு என்னால சொல்ல முடியும். இந்தப் படகுக்காரி பாட்டு, என் எலும்புக்கு வந்தது."

கொட்டிய டீ மேசையிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா போனப்புறம் அப்பா ஒரு கேசட்கூட வாங்கலியே" என்றாள் சிட்டு. குரல் யாருடையதோ போல் வந்தது. "துக்கத்துல விட்டுட்டார்னு நினைச்சேன்."

"யாருக்கு வாங்கணும் அப்புறம்?"

"ஏன்க்கா எங்கிட்டச் சொல்லல?"

"உனக்குத் தெரியக் கூடாதுன்னுதானே அவ்வளவு பாடுபட்டேன்." அக்கா முதல் தடவையாகக் கண்ணைத் துடைத்தாள். "உன்மேல ஒரு நாளும் கை வெக்கல அவர். எப்ப வெப்பாரோன்னு பயந்துதான் நீ படிப்புக்குப் போற வரைக்கும் அந்த வீட்டை விட்டு நகரல நான். உனக்காவது நல்ல வீடா இருக்கட்டும்னு நினைச்சேன். ஆனா நான் ஒண்ணும் தெய்வம் இல்ல சிட்டு. அப்பாவுக்கு ஸ்பூனால ஊட்டினேன், இன்னிக்கு ரெண்டு வாய் சாப்பிட்டார்னு நீ போன்ல பெருமையாச் சொல்லும்போது போனைத் தூக்கிச் சுவத்துல அடிக்கலாம்னு இருக்கும். சரிம்மா, சரிம்மான்னு வெச்சுருவேன்."

"எனக்கு ஒண்ணுமே கேக்கலக்கா. சத்தியமா ஒண்ணுமே கேக்கல."

"தெரியும்" என்றாள் அக்கா.

இரண்டு நாள் இருந்துவிட்டு அக்கா கிளம்பினாள். அதற்குள் அவர்கள் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. மருந்து, தோளுக்கான பயிற்சி, பஸ் நேரம் என்று பேசினார்கள். பஸ் நகரும்போது அக்கா ஜன்னல் வழியாக, "அப்பா படத்தை எனக்காகக் கழட்டி வெக்காதே" என்றாள். கூடத்தில் மாட்டியிருந்த படத்தைச் சிட்டு ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து நகர்ந்ததை அவள் கவனித்திருக்கிறாள்.

அதன் பிறகு சிட்டுவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. படத்தைப் பார்த்தால், மூன்று வருஷம் தன் கையால் ஊட்டிய வாய். வாயைத் துடைத்துவிடும்போது நன்றியோடு பார்த்த கண். அந்தக் கண்ணை வெறுக்கவும் வரவில்லை, வெறுக்காமல் இருக்கவும் முடியவில்லை. ஆஸ்பத்திரியில் விலா வலி என்று யாராவது பெண் வந்தால் அவள் படத்தில் பழைய முடிச்சுகளைத் தேடினாள். ஒருத்தியிடம், "யாராவது அடிச்சாங்களா?" என்று நேராகக் கேட்டுவிட்டாள். அந்தப் பெண் "இல்லைங்க, வழுக்கி விழுந்துட்டேன்" என்றாள். அக்கா சொன்ன அதே வேகத்தில்.

"எல்லாத்தையும் பழசு கிட்டயே திருப்பிக் குடுத்துடலாமா?" என்று கணவர் ஒருநாள் கேட்டார். இந்த முறை சிரிக்காமல்.

"உங்களுக்கு அது இடத்தை அடைக்குது, அதானே?" என்று எரிந்து விழுந்தாள். பிறகு தானே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவர் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அவர் வேலைக்குப் போயிருந்த ஒரு விடுமுறை நாளில் ரயில் பாட்டைப் போட்டுக் கேட்டாள். பாட்டுக்குப் பின்னால் வேறு ஏதாவது கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஒன்றும் இல்லை. ரயில் கூவியது, பாடகர் பாடினார், கூட்டமாகப் பிள்ளைகள் கைதட்டினார்கள். பாதியில் தன் கால் தாளம் போடுவதைப் பார்த்துவிட்டாள். எழுந்து டேப் ரெக்கார்டரின் வயரைப் பிடுங்கினாள். குளியலறைக்குப் போய் முகத்தை அலம்பினாள், மறுபடி அலம்பினாள், கண்ணாடியில் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அடுத்த விடுமுறைக்கு அவள் அக்கா ஊருக்குப் போனாள். இத்தனை வருஷத்தில் அக்காவின் அறைக்கு அவள் வந்தது இரண்டு தடவை இருக்கும். அதுவும் நின்றுவிட்டுப் போனதுதான். ஒற்றை அறை. ஜன்னல் பக்கம் கட்டில், ஒரு தையல் மெஷின், மடித்து வைத்த துணிகள். டிவி இல்லை, ரேடியோ இல்லை. முன்பு வந்தபோது அதை அவள் கவனிக்கக்கூட இல்லை. அக்கா அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்தாள். வலது கை இப்போது மேல் தட்டு வரைக்கும் எட்டியது.

"கேசட்டை எல்லாம் என்ன பண்ணினே?" என்று அக்காவே கேட்டாள்.

"பெட்டில போட்டு மேல ஏத்திட்டேன்."

"எதுக்கு? எனக்குப் பிடிக்காதுங்கறதுக்காக நீ ஏன் மூட்டை கட்டணும்? உனக்கு அது நல்ல பாட்டு. இருந்துட்டுப் போகட்டும்."

"பிடிக்குதுக்கா. இன்னமும் பிடிக்குது." சிட்டு கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அதான் தாங்க முடியல. ஒரு தடவை போட்டுப் பாத்தேன். காலு தாளம் போடுது."

அக்கா சோற்றுப் பானையின் மூடியைச் சரிசெய்தாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தங்கைக்குச் சமாதானமாக ஏதாவது சொல்லத் தேடி, கிடைக்காமல் விட்டுவிட்டதுபோல் தெரிந்தது.

"போட்டா போடட்டும்" என்றாள் கடைசியில். "நான் அதைக் கேக்க மாட்டேன். நீ கேட்டா எனக்கு வருத்தம் இருக்கான்னா, இருக்கு. இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா கேக்காதேன்னும் சொல்ல மாட்டேன்."

சிட்டு தலையாட்டினாள். பிறகு கேட்டாள்.

"அக்கா, அந்தக் கதவுக்கு வெளியே என்ன நடந்துச்சுன்னு எனக்குச் சொல்லு. எல்லாத்தையும். அம்மா என்ன சொன்னாங்க, நீ என்ன பண்ணினே, எல்லாம். நீ ஒருத்தியே வெச்சுக்கிட்டு இருக்காதே."

"கேட்டுட்டுத் தூங்க முடியாது உன்னால."

"இப்பவும் தூங்கறதில்லக்கா."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். சின்ன வயதில், காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிறபோது பார்ப்பாளே, அந்த மாதிரி. பிறகு மூடியைத் திறந்து, வெந்துவிட்டதா என்று ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து, அடுப்பை அணைத்தாள். கட்டிலில் வந்து உட்கார்ந்து, இடது கையால் ஜன்னல் கதவைச் சாத்தினாள். தெருவின் சத்தம் குறைந்தது.

"நீ பொறந்த வருஷத்துலேர்ந்து சொல்றேன்" என்றாள். "நடுவுல நீ அழுதேன்னா நிறுத்திடுவேன், ஆமா."

"அழ மாட்டேன்" என்றாள் சிட்டு. அதற்குள் அவள் அழத் தொடங்கியிருந்தாள். அக்கா நிறுத்தவில்லை.